யேர்மனியில இருந்து பதினாறு வயசுப் பிள்ளை ஒண்டு வருது, யாழ்ப்பாணத்தில என்ன காட்டுறது?

யூன் 20 (கோண்டாவில்ல இருந்து ஒரு தங்கச்சி கேட்டது)

அண்ணான்ர மகள் ஓகஸ்ட் மூண்டாம் கிழமை யேர்மனியில இருந்து வாறா, கூடவே வகுப்புச் சினேகிதி ஒராளும் வாறா, ரெண்டு பேருக்கும் பதினாறு. சினேகிதிக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது, இலங்கைக்கு இதுதான் முதல்தரம். எங்கட வீட்டில ஆறு நாள் நிப்பினம். இவர் ஒரு வானைப் பிடிச்சு எல்லா இடமும் காட்டி முடிப்பம் எண்டுறார். எனக்கெண்டால் அந்த வயசுக்கு இஞ்ச காட்ட என்ன கிடக்கு, கோயிலும் கோட்டையும்தானே எண்டு யோசனை. பிள்ளை அலுத்துப்போய் இருக்காமல் என்ன செய்யலாம் அக்கா?

யூன் 20, இரவு

முதல் அந்த வானை நிப்பாட்டுங்கோ தங்கச்சி. தம்பி வீட்ட நோர்வேயில இருந்து சொந்தக்காரப் பெடியனோட ஒரு சினேகிதன் வந்தவன், பதினைஞ்சு வயசிருக்கும். விடிய வானில ஏத்தி நல்லூர், சந்நிதி, வல்லிபுரம், நிலாவரை, கீரிமலை, பின்னேரம் கோட்டை எண்டு ஒரே நாளில சுத்திக்கொண்டு வந்தவை. நல்ல பழக்கவழக்கமான பெடியன், ஒண்டும் சொல்லேல்லை, எல்லா இடத்திலயும் இறங்கினான், படத்துக்குச் சிரிச்சான், திரும்ப ஏறினவுடன போனைப் பாத்தான். அடுத்தநாள் பின்னேரம் ஒழுங்கைக்குள்ள ரெனிஸ் போலில கிரிக்கெட் விளையாடின அயல் பெடியள் இவனையும் கூப்பிட்டாங்கள். அவனுக்குக் கிரிக்கெட் எண்டால் என்னெண்டே தெரியாது. பந்து மதிலுக்கு மேலால போனால் அவுட், கிணத்துக்குள்ள விழுந்தால் அடிச்சவன்தான் வாளி போட்டு எடுக்க வேணும் எண்ட சட்டம் முழுக்கக் கையாலயும் காலாலயும் விளங்கப்படுத்தினாங்கள். இருட்டுமட்டும் அவன் வீட்டுக்குள்ள வரேல்லை. ஊருக்குத் திரும்பிப் போய்த் தாய்தேப்பனுக்குச் சொன்னதும் அந்தக் கிணத்துப் பந்துக் கதைதானாம்.

இந்த வயசுப் பிள்ளையளுக்கு இடம் காட்டுறதைக் குறைச்சு ஏதாவது செய்ய விடுங்கோ. நான் சொல்லுறது முழுக்க இதுதான், மிச்சமெல்லாம் அதுக்குள்ள அடக்கம்.

யூன் 21

சைக்கிள் கேட்டியள். ஓம், கட்டாயம். எங்கட ஊர் மாதிரிச் சைக்கிள் ஓடச் சுகமான ஊர் இல்லை, ஏத்தமும் இல்லை இறக்கமும் இல்லை. கோண்டாவில்ல இருந்து உரும்பிராய், நீர்வேலி, புத்தூர் எண்டு போனால் நிலாவரை, ஒரு பத்துக் கிலோமீற்றர் வரும். பலாலி வீதியால விடாதேங்கோ, மினிபஸ்காரர் முந்திற முந்தலுக்கு எங்கட பிள்ளையளே பயந்து ஒதுங்குதுகள். உள் ஒழுங்கையளால போகட்டும், செம்மண் தோட்டம், நீர்வேலி வாழை, வெங்காயம், புகையிலைக் கொட்டில் எல்லாம் அந்த வழியிலதான் கண்ணுக்குத் தெரியும்.

ஒண்டு மறக்காமல் சொல்லுங்கோ: யேர்மனியில வாகனம் வலப்பக்கத்தால ஓடுறது, இஞ்ச இடப்பக்கம். நேர போகேக்க பிரச்சினை இல்லை, சந்தியில திரும்பேக்கதான் பழக்கதோசத்தில பிழையான பக்கம் ஏறிடுவினம். முதல்நாள் வீட்டு ஒழுங்கைக்குள்ள ரெண்டு சுத்துச் சுத்தி, சந்தியில நிண்டு திரும்பிப் பாத்திட்டு வெளிய விடுங்கோ.

ஓகஸ்டில சோழகக் காத்து, தென்மேற்கால வாறது, இன்னும் அடிக்கும். புத்தூருக்குப் போகேக்க பின்னால நிண்டு தள்ளிவிடும், பெட்டையள் ரெண்டும் பறக்குங்கள். வரேக்க அதே காத்து முகத்தில அடிக்கும். அதால விடிய ஆறுமணிக்கு வெளிக்கிட்டு வெயில் ஏற முந்தித் திரும்ப வேணும், ஆளுக்கு ரெண்டு போத்தல் தண்ணி.

நிலாவரையில போய் நிண்டு "அடி இல்லாத கிணறு" எண்டு மட்டும் சொல்லிப்போட்டுத் திரும்பாதேங்கோ. மேல நல்லதண்ணி, கீழ போகப்போக உப்பு. குடாநாட்டில வருசம் முழுக்க ஓடுற ஆறு ஒண்டும் இல்லை, மழைத்தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள்ள இறங்கி உப்புத்தண்ணிக்கு மேல மிதந்துகொண்டு நிக்குது, நாங்கள் குடிக்கிறது குளிக்கிறது தோட்டத்துக்கு இறைக்கிறது எல்லாம் அந்த மிதக்கிற தண்ணிதான். கூட இறைச்சால் உப்பு மேல வரும். பதினாறு வயசுப் பிள்ளைக்கு இது நல்லா ஏறும், என்ர மருமகள் அதைக் கேட்டாப் பிறகு பல்லு மினுக்கேக்க பைப்பைப் பூட்டப் பழகினவ.

யூன் 23

சினேகிதிப் பிள்ளை மச்சம், அதுதான் மீன் இறைச்சி, சாப்பிடாதாம் எண்டு பயப்பிடுறியள். ஏன் பயம்? அவ வாற நேரம் நல்லூர்க் கந்தசாமி கோயில் கொடியேறின திருவிழா. இருபத்தைஞ்சு நாளும் உங்கட வீட்டில மரக்கறிதானே. அவவுக்கெண்டு புறிம்பா ஒண்டும் சமைக்கத் தேவையில்லை, வீடே அவவோட சேந்து சைவமா இருக்கும், அந்தப் பிள்ளைக்கு அது எவ்வளவு ஆறுதலா இருக்கும் எண்டு யோசியுங்கோ. முட்டை, பால் சாப்பிடுவாவோ, கடலை கச்சான் ஒத்துக்கொள்ளுமோ எண்டு மட்டும் இப்பவே கேட்டு வையுங்கோ, வந்தாப் பிறகு கேக்கிற விசயமில்லை அது. ரவுணுக்குப் போனால் மத்தியானம் மலாயன் கபேயில வாழையிலையில சாப்பிடலாம், சந்தையோட கிட்ட.

கூழ் காய்ச்ச ஆசைப்படுறியள். நண்டு இறால் இல்லாத ஒடியல் கூழ் (காஞ்ச பனங்கிழங்கு மாவில காய்ச்சிறது) கூழோ எண்டு உங்கட இவர் கேப்பார், கேக்கட்டும். பலாக்கொட்டை, மரவள்ளி, பயித்தங்காய், முருங்கையிலை போட்டு, செத்தல் மிளகாயை அரைச்சுவிட்டு, பழப்புளி கரைச்சுவிட்டால் நல்லாத்தான் இருக்கும், உறைப்பைக் குறையுங்கோ. பனையோலைப் பிளாவில ஊத்திக் குடுங்கோ. சாமான் எல்லாத்தையும் அவையே வெட்டட்டும்.

யூன் 24

வல்வெட்டித்துறைப் பட்டத் திருவிழாவுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி ஒரு தம்பி சொல்லுறார். தம்பி, அது தைப்பொங்கலண்டு. பட்டம் ஏத்துறது வாடைக்காத்துக்கு, ஓகஸ்டில போய் உதயசூரியன் கடற்கரையில நிண்டால் கடலைத்தான் பாக்கலாம். பிள்ளை வேறொரு வருசம் தை மாசம் வந்தால் நானே கூட்டிக்கொண்டு போவன், விண் பூட்டின பட்டம் இரவிரவாக் கூவுறதை ஒருக்கால் கேட்டவைக்கு அது காதை விட்டுப் போகாது. இப்ப வேண்டாம்.

யூன் 28

கடல். இதில எனக்கு ரெண்டு மனமாக் கிடக்கு.

நெடுந்தீவு எண்டு சொல்லத்தான் வாய் வருது. குறிகட்டுவானுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல பஸ்ஸில போய், அங்கயிருந்து வடதாரகைப் போட்டில இன்னொரு மணித்தியாலம். காட்டுக்குதிரையள், பெருக்குமரம், பவளக்கல்லை ஒண்டுக்குமேல ஒண்டு அடுக்கின வேலியள், இடிஞ்ச ஒல்லாந்தர் கோட்டை. பெருக்குமரத்துக்குள்ள ஆள் உள்ளிட்டு நிக்கலாம், அந்தப் படம் ஒண்டே அந்த வயசுக்குப் போதும். ஆனால் சோழகத்துக்கு அந்தக் கடல் நல்லா அடிக்கும். ஊர்ச்சனம் பழகினது, உள்ளுக்க இருந்து நித்திரை கொள்ளும், புதுப்பிள்ளை சத்தி எடுத்தால் அண்டைக்கு நாளே போச்சு. திரும்பி வாற போட்டை விட்டால் இரவு அங்கதான். விடிய எழும்பிக் காத்தைப் பாத்து முடிவெடுங்கோ, முதல்நாளே பிள்ளைக்கு வாக்குக் குடுத்து வையாதேங்கோ.

காத்துச் சரியில்லாட்டி இப்பிடிச் செய்யுங்கோ. பண்ணைப் பாலத்தால வேலணை, ஊர்காவற்றுறை. அங்க பாதை எண்டு சொல்லுற மிதவையில ஏறி அக்கரை காரைநகர். சைக்கிள், மோட்டச்சைக்கிள், மீன்பெட்டி, பள்ளிக்கூடப் பிள்ளையள் எல்லாம் ஒண்டா ஏறி நிக்கிற அந்த இரும்புத் தட்டு மெல்ல மெல்ல அரக்கும், நடுவில நிண்டு பாத்தால் கடலுக்குள்ள தனிய ஒரு கோட்டை, ஒல்லாந்தர் ஹம்மன்ஹீல் எண்டு பேர் வைச்சது. ஒரு பத்து நிமிசக் கடல்தான், சத்தி வராது. சில நாளில பாதை பழுதாக் கிடக்கும், ஓடுதோ எண்டு அங்க ஆரையும் கேட்டிட்டுப் போங்கோ. பிறகு கசூரினாக் கடற்கரை, அது கரையில இருந்து கனதூரம் ஆழமில்லாத கடல். திரும்பேக்க பொன்னாலைப் பாலத்தால வந்து வட்டுக்கோட்டை, மானிப்பாய் எண்டு வீடு. வந்த வழியால திரும்பாமல் ஒரு வட்டமா வரலாம், அதுதான் எனக்குப் பிடிச்சது.

யூன் 29

நயினாதீவு ஏன் சொல்லேல்லை எண்டு மனுசர் கேக்கினம். போட் கொஞ்ச நேரம்தான், நாகபூசணி அம்மன் கோயிலும் நாக விகாரையும் ஒரு தீவுக்குள்ள, போறது நல்லம். ஆனால் நீங்கள் நல்லூருக்கும் போகப்போறியள், கோயில் ஒண்டு ஆறுதலாப் பாக்கட்டும்.

யூலை 2

உடுப்பு விசயம் மெல்லமாக் கேட்டியள், நான் உடைச்சே சொல்லுறன். கசூரினாவில அந்தப் பிள்ளை ஊரில போடுற நீச்சல் உடுப்போட இறங்கினால் பெடியள் வட்டம் கட்டி நிண்டு பாப்பாங்கள், போனும் தூக்குவாங்கள். பிழை பாக்கிறவையிலதான், ஆனால் அதை அனுபவிக்கப்போறது அவ. அதால வெளிக்கிட முந்தியே மருமகளை, உங்கட அண்ணான்ர மகளைக் கொண்டு எழுதுவியுங்கோ: கடலுக்குக் கறுப்பு ரீசேட்டும் முழங்கால் காற்சட்டையும், வெளிய தோள்மூட்டு மூடின உடுப்பு. இஞ்ச வந்து நிண்டாப் பிறகு "இதைப் போடாத" எண்டு சொன்னால் பிள்ளைக்கு வெக்கமாப் போயிடும்.

நல்லூருக்கு உங்கட மகளின்ர பஞ்சாபி ஒண்டு குடுங்கோ, அல்லது பாவாடை தாவணி. கட்டாயப்படுத்தாமல் கட்டிலில ரெண்டு மூண்டை விரிச்சு வையுங்கோ, தானே எடுப்பா.

இன்னொண்டு. எங்கட சனம் "வெள்ளைப்பிள்ளை, என்ன வடிவு" எண்டு கன்னத்தைப் பிடிக்கும், குழந்தையைத் தூக்கிக் கையில குடுத்துப் படம் எடுக்கும். அன்பாத்தான் செய்யிறது. முதல் பிள்ளையைக் கேக்கச் சொல்லுங்கோ. ஓம் எண்டால் ஓம். வேண்டாம் எண்டால் நீங்கள்தான் முன்னுக்கு நிண்டு மறிக்க வேணும், மருமகள் மறிச்சால் "வெளிநாட்டுத் திமிர்" எண்டு அவவுக்குப் பேர் வரும்.

யூலை 5

யாழ்ப்பாணப் பொதுநூலகம். "சின்னப்பிள்ளைக்கு அந்தக் கதையெல்லாம் ஏன், வந்த இடத்தில சந்தோசமா இருக்கட்டும்" எண்டு உங்கட அத்தான் சொல்லுறார். எனக்கு அது சரியாப் படேல்லை.

1981 மே 31 இரவு தொடங்கின எரிப்பில 97,000 அளவு புத்தகமும் ஏட்டுச் சுவடியளும் போனது. அப்ப நான் சின்னப்பிள்ளை, எங்கட பெரியண்ணா அங்க இருந்துதான் படிக்கிறவர். அடுத்தநாள் போய்ப் பாத்திட்டு வந்து சட்டையும் மாத்தாமல் திண்ணையில இருந்தவர், சட்டைப் பொக்கற்றுக்குள்ள கரைபிடிச்சுக் கருகின ஒரு பக்கம், ஏதோ கணக்குப் புத்தகத்தின்ர. அம்மா சோறு போட்டு வைச்சது அப்பிடியே கிடந்தது. அண்ணா இப்பவும் நூலகத்தடியால போனால் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டுதான் போறவர்.

இதை யேர்மனியில இருந்து வாற பிள்ளைக்குச் சொல்ல ஏன் பயப்பிடுறியள்? 1933 மே மாசம் பெர்லினில நாசிகள் புத்தகம் குவிச்சு எரிச்சதை அவை பள்ளிக்கூடத்திலயே படிக்கினம். எங்கட கதையை வேறெந்த நாட்டுப் பிள்ளையை விடவும் கெதியா விளங்கிக்கொள்ளக்கூடியது அவதான். வெளிய சரஸ்வதி சிலையடியில நிண்டு ஐஞ்சு நிமிசம் சொல்லுங்கோ, உள்ளுக்க பிள்ளையள் இருந்து படிக்கிறதைப் பாக்கட்டும். பார்வையாளரை எந்த நேரம் உள்ளுக்க விடுவினம் எண்டு முதலே கேட்டிட்டுப் போங்கோ.

யூலை 6

நேத்துச் சொன்னதோட இதையும் சேருங்கோ. சொல்லச் சொன்னன், அதுக்காக இடிஞ்ச வீடு, ஷெல் விழுந்த மதில் எண்டு தேடித்தேடிக் காட்டத் தேவையில்லை. பிள்ளை கேக்கிற அளவுக்குச் சொல்லுங்கோ. அவ கட்டாயம் கேப்பா. உங்கட மாமி 1995 யுத்த இடப்பெயர்வுக்குத் தூக்கிக்கொண்டு போன ரங்குப்பெட்டி இன்னும் உங்கட அறையில கிடக்குத்தானே, அதுக்குள்ள அண்டைக்கு என்னென்ன வைச்சவ எண்டு மாமியே சொல்லட்டும், மருமகள் மொழிபெயர்க்கட்டும். மருமகளும் அதை முழுசாக் கேட்டிருக்க மாட்டா எண்டுதான் நினைக்கிறன். சினேகிதிக்குச் சொல்லுறதுக்காகவாவது அண்டைக்குக் கேப்பா.

சொல்லி முடிச்ச உடன வேறெங்கயும் கொண்டு ஓடாதேங்கோ. நூலகத்தில இருந்து நடந்தே முற்றவெளியால கோட்டைக்குப் போய் மதிலுக்கு மேல ஏறினால் பண்ணைக் கடல், காத்து. மதில் கல்லைக் கிட்டப் போய்ப் பாக்கச் சொல்லுங்கோ, முருகைக்கல்லுத்தான், பவளத்தின்ர வரி அப்பிடியே தெரியும். 1658 இல ஒல்லாந்தர் போத்துக்கேயரிட்டப் பிடிச்சு ஐங்கோணமாக் கட்டினது எண்டதை அங்கயே எழுதிப் போட்டிருக்கினம், நீங்கள் பாடம் எடுக்கத் தேவையில்லை.

யூலை 12

ரயில் ரிக்கெற் போட்டாச்சோ? நல்லூர் நேரம், முற்பதிவு திறந்த உடன போடாட்டிக் கிடைக்காது. கொழும்பில இருந்து வானில இருட்டுக்குள்ள வராமல் பகல் ரயிலில வரட்டும். 1990 இல நிண்ட யாழ்தேவி 2014 ஒக்டோபரிலதான் திரும்ப யாழ்ப்பாணம் வந்தது, ஆனையிறவு தாண்டேக்க ரெண்டு பக்கமும் தண்ணியும் உப்பளமும் வாற இடத்தில யன்னல் கரையில இருக்க விடுங்கோ.

யூலை 20

மழை இல்லாட்டியும் ஒரு மத்தியானம் வெயிலுக்கு வெளிய போகேலாது, அப்ப என்ன செய்யிறது எண்டு கேட்டியள். குசினிதான்.

புட்டு அவிக்க விடுங்கோ. உங்கட மாமியட்டை நீத்துப்பெட்டி இருக்கும், பனையோலைக் கூம்பு. மாவைக் குழைச்சுக் கொத்துறது லேசில பிடிபடாது, தண்ணி கூடினால் கட்டியாகும், குறைஞ்சால் உதிரும், விரல் நுனியால மட்டும் பிரட்ட வேணும், உள்ளங்கை படக்கூடாது. தேங்காயைத் திருவலையில இருந்து திருவச் சொல்லுங்கோ, அந்தப் பலகையில காலை மடக்கி இருக்கிறதே அவைக்கு ஒரு வேலை. ஒரு அடுக்கு மா, ஒரு அடுக்குத் தேங்காய்ப்பூ. ஆவி மேல வந்த உடன பெட்டியைத் துணியால பிடிச்சுக் கவிட்டு ஒரு தட்டுத் தட்டினால் ஓலைப் பின்னலின்ர வரி பதிஞ்சபடி கூம்பாப் புட்டு வந்து நிக்கும். முதல் கூம்பு உடையும். உடைஞ்சதைக் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தோட பிசைஞ்சு சாப்பிடட்டும், பின்சீசன் பழம் கிடைச்சால்.

சந்தைக்கும் அவையையே அனுப்புங்கோ. திருநெல்வேலிச் சந்தை, ஒரு துண்டில தமிழில எழுதிக் குடுங்கோ, காசு எண்ணிக் குடுங்கோ: அரைக்கிலோ வெண்டிக்காய், ஒரு கட்டு வல்லாரை, ஒரு குட்டான் பனங்கட்டி, மிச்சக் காசுக்கு அவை விரும்பினது. சினேகிதிதான் வாங்க வேணும், மருமகள் வாய் திறக்கக்கூடாது. மரக்கறிக்காரப் பெண்டுகள் அந்தப் பிள்ளையை வைச்சுக் கதைக்கிற கதையில சந்தையே சிரிக்கும், ஏமாத்த மாட்டினம், ஒரு பிடி கறிவேப்பிலை சும்மா போட்டும் விடுவினம். நீங்கள் வெளிய சைக்கிளடியில நில்லுங்கோ. உள்ளுக்க எட்டிப் பாக்காதேங்கோ.

ஓகஸ்ட் 3

நீங்கள் எழுதின ஆறுநாள் திட்டம் பாத்தன். நாலாம் நாளில காலமை கீரிமலை, மத்தியானம் பருத்தித்துறை, பின்னேரம் மணற்காடு, இரவு நல்லூர் எண்டு கிடக்கு. அது திரும்ப வான் தங்கச்சி, இவர் பின்கதவால கொண்டுவந்திட்டார்.

கீரிமலை மட்டும் வையுங்கோ. யாழ்ப்பாணத்தில இருந்து காங்கேசன்துறைக்கு ரயில், அங்க இருந்து ஓட்டோ. பொம்பிளையளின்ர கேணி மறைப்புக்குள்ள, பெட்டையள் பயமில்லாமல் ஆறுதலா நீந்தலாம், மதிலுக்கு அங்கால கடல் உப்பா அடிக்க இஞ்ச ஊத்து நல்லதண்ணியா வரும். நிலாவரையில கேட்டதை இதில உடம்பால உணருவினம். பருத்தித்துறையும் மணற்காடும் அடுத்தமுறைக்கு. எல்லாத்தையும் இந்த முறையே முடிச்சிட்டால் அந்தப் பிள்ளை ஏன் திரும்ப வரப்போகுது?

நல்லூரை ரெண்டு தரம் போங்கோ. ஒருக்கால் காலமை, நீங்கள் கூட்டிக்கொண்டு போய்ப் பூசை, உள்ளுக்க போன் எடுக்கிறேல்லை, ஆம்பிளையள் சட்டையைக் கழட்டினம் ஏனெண்டு சொல்லுங்கோ. மற்றத் தரம் பின்னேரம், உங்கட மகளோட சேத்து மூண்டு பெட்டையளும் தனிய. வீதியெல்லாம் வாகனத்துக்குப் பூட்டியிருக்கும், காப்புக்கடை, கச்சான்கடை, இனிப்புக்கடை எண்டு அவைக்கு ரெண்டு மணித்தியாலம் காணாது. சனத்துக்குள்ள போன் வேலை செய்யாது, அதால "எட்டரைக்கு ரியோ ஐஸ்கிறீம் கடை வாசல்" எண்டு வாயால பேசி வையுங்கோ. உங்களுக்குப் பயமா இருக்கும், விளங்குது. வெளிநாட்டில அந்தப் பிள்ளை ரயில் மாறி மாறிப் பள்ளிக்கூடம் போறது. இஞ்ச ஆறு நாளும் ஆரும் ஒராள் பின்னால நிண்டால் அதுக்கு மூச்சு முட்டும்.

ஐஞ்சாம் நாளுக்கு ஒண்டும் எழுதாதேங்கோ. நித்திரை கொள்ளட்டும், போன் பாக்கட்டும், அயலில ஆரும் வந்து கூப்பிட்டால் போகட்டும்.

ஓகஸ்ட் 13

கடைசியாச் சிலது. பிள்ளையின்ர தாய்தேப்பன் கையெழுத்து வைச்ச அனுமதிக் கடிதமும் காப்புறுதி இலக்கமும் உங்கட போனில இருக்க வேணும், பிள்ளையின்ர போனில மட்டும் இருந்து பிரயோசனமில்லை. வந்த இரவே தாயோட வீடியோவில ஒருக்கால் கதையுங்கோ, மொழி தெரியாட்டிலும் முகத்தைப் பாத்தால் அந்த மனுசிக்குப் போதும். அம்புலன்ஸ் கூப்பிடுற இலக்கம் 1990. குறிகட்டுவான் பக்கம் போனால் கழிவறைக்குக் கடதாசி கையில கொண்டு போங்கோ. நுளம்புவலை, சண்கிறீம்.

என்ர வீட்டில ரெண்டு லேடீஸ் சைக்கிள் சும்மா நிக்குது, ஞாயிற்றுக்கிழமை மகனை விட்டு எடுப்பியுங்கோ. நீலத்தின்ர பின் பிறேக் இறுக்க வேணும், எங்கட சந்திக் கடையில குடுத்திட்டன், சனி பின்னேரம் தருவினம்.